அச்சோ என்றால் நரம்பு

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எப்பிடி விழுந்தீங்க?" கேட்டுவிட்டு உச்சுக் கொட்டுகிறார்கள். விழுந்ததைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? சடுகுடு ஆடுகிறவன் விழாமல் வேறென்ன செய்வான்? விழுந்த பிறகு நடந்ததை ஒருத்தரும் கேட்பதில்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பதும் பொய். நான் சொல்லச் சொல்ல என் மனைவி சரோஜா எழுதுகிறாள்.

என் பெயர் முருகேசன். வெளியில் கோ மியோ. ரங்கூனில் எங்கள் தமிழர்களில் பலருக்கும் இப்படி வீட்டுக்கு ஒரு பெயர், நாட்டுக்கு ஒரு பெயர். மிங்கலா தாங்ஞுன்டில் ரயில் பாதைக்குப் பக்கத்துச் சந்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் கரண்ட் போய்ப் போய் வரும், வந்தாலும் அழுது வடியும். ஃபேன், தண்ணீர் மோட்டார், ஸ்டெபிலைசர் எல்லாம் புகைந்துபோகும். கருகிய செம்புக் கம்பியைப் பிரித்துப் போட்டுவிட்டுத் தலைமுடி கனத்தில் புதுக் கம்பியைச் சுற்றிக் கொடுப்பது என் தொழில். அந்தக் கம்பியைக் கண்ணால் பார்த்துச் சுற்ற முடியாது. முறுக்கு விழுந்ததா, மேல்பூச்சு உரிந்ததா என்று விரல் நுனிதான் சொல்லும். தொண்ணூறுகளின் நடுவில் அந்தச் சந்தில் என் விரலுக்கு நல்ல பேர் இருந்தது.

பொழுது போனால் சடுகுடு. எங்கள் கோஷ்டிக்குக் கேப்டன் ரபி. துணிக்கடைக்காரன், என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அந்தப் பொங்கலன்று காலையில், ரங்கூனுக்கு வெளியே மாவ்பி என்ற ஊரில் போட்டி. அறுவடை முடிந்து காய்ந்த வயலைக் கொஞ்சம் சீவிவிட்டு, சுண்ணாம்பால் கோடு போட்டு, அதற்கு மைதானம் என்று பேர் வைத்திருந்தார்கள். தரை செங்கல் மாதிரி இருந்தது. வைக்கோல் போர் பக்கத்திலேயே நின்றது. நாலு கட்டு உருவி விரித்திருக்கலாம். வீரர்கள் வைக்கோலில் விழுந்தால் மானம் போய்விடும் போலிருக்கிறது.

கடைசி ஆட்டத்தில் நான்தான் பாடிப் போனேன். ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது இன்னொருவன் கணுக்காலைப் பிடித்தான். கோட்டை நோக்கிப் பாய்ந்தேன். பின்னாலிருந்து ஒரு கை கழுத்தைச் சுற்றி விழுந்தது. நெற்றி தரையில் மோதியது. மேலே மூன்று பேர் விழுந்தார்கள். அதற்கு மேல் ஒருவன் ஓடிவந்து வேண்டுமென்றே விழுந்தான், நான் இன்னும் மூச்சு விடவில்லையே. பாடுகிறவன் மூச்சு விடுகிற வரை எத்தனை பேர் வேண்டுமானாலும் அமுக்கலாம் என்பது எங்கள் ஆட்டத்தின் சட்டம். எந்தப் புண்ணியவான் போட்டானோ!

விசில் ஊதி எல்லோரும் எழுந்தபோது கழுத்தில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. ஆனால் கை வேலை செய்தது. இதை எந்தச் சன்னிதியில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன். வலி பொறுக்காமல் பத்து விரலாலும் மண்ணை அள்ளிப் பிடித்தேன். மண் கட்டி உடைந்தது. அது விரலுக்குத் தெரிந்தது.

"எந்திரிடா மச்சான்! ஆம்பளையா இரு. இன்னும் நாலே பாயிண்டுதான்!" என்று ரபி கத்தினான்.

ஊ தான் மாவ் ஓடிவந்தார். எங்கள் தெருமுனையில் சுளுக்கு எடுக்கிற பர்மாக்காரர். எந்தப் போட்டியானாலும் எண்ணெய்ப் பாட்டிலோடு ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். நாங்கள் அவரோடு பர்மியத்தில்தான் பேசுவோம். என் முகத்துக்கு மேல் குனிந்து, "என்னப்பா, எங்கே?" என்று கேட்டார்.

"அச்சோ" என்றேன்.

"அச்சோவா?"

"அச்சோ... அச்சோ..."

தலையை ஆட்டிக்கொண்டார். என் தலைமாட்டில் உட்கார்ந்து, இரண்டு காலையும் என் தோளில் முட்டுக்கொடுத்து, தாடையைப் பிடித்து ஒரு இழுப்பு, ஒரு திருப்பு. உள்ளே டக்கென்று ஒரு சத்தம். "யபாதே, யபாதே" என்றார். சரியாகிவிட்டது என்று அர்த்தம். என் கைகளிலிருந்து மண் வழிந்து கீழே விழுந்தது. நான் விடவில்லை. விரல்கள் தாமாக விட்டுவிட்டன.

அப்புறம் நாலு பேர் கைக்கொருவர் காலுக்கொருவராகப் பிடித்துத் தூக்கி, ஆள் ஏற்றிப் போகும் ஒரு லைன் காரின் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உட்கார! மாவ்பியிலிருந்து ரங்கூன் வரை ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் தலை ரபியின் தோளில் ஆடிக்கொண்டே வந்தது. அவன் வழியெல்லாம் என் முகத்தில் தண்ணீர் தெளித்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். பெண் டாக்டரை அங்கே ஸயாமா என்போம். அவர் முதலில் கேட்டது நான் எப்படி விழுந்தேன் என்பதை அல்ல. "யார் தூக்கினது? எப்படித் தூக்கினீங்க?"

ரபி பெருமையாகச் சொன்னான்: "சுளுக்கு எடுத்தாச்சு ஸயாமா. பத்திரமா உட்கார வச்சுக் கொண்டாந்தோம்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து என் தலையை அசையாமல் நிறுத்தச் சொன்னார். மூட்டை வரும்வரை தானே இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விழுந்த நேரத்திலிருந்து என் தலையை ஒருத்தர் ஒழுங்காகப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

எக்ஸ்ரே எடுக்கும் அறைக்கு வெளியே தள்ளுபடுக்கைகள் வரிசையாக நின்றன. என் முறை வர மத்தியானம் தாண்டிவிட்டது. நான் கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். பல்லிகளைத் தவிர வேறு துணை இல்லை. அங்கே பொங்கலுக்கு லீவு கிடையாது; தின்கன்ஜூனில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் சரோஜா, சாக்பீஸ் கையோடு இரண்டு பஸ் மாறி ஓடிவந்து சேர்ந்தாள். என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கன்னம் இருப்பது எனக்குத் தெரியவில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

ஸயாமா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து விளக்கினார். கழுத்தில் ஏழு எலும்பு. அதில் ஐந்தாவது, ஆறாவதின் மேல் வழுக்கி முன்னால் வந்திருக்கிறது. எலும்புகளுக்கு நடுவே ஒரு ஓட்டை, அதன் வழியாக மூளையிலிருந்து உடம்புக்குப் போகும் தண்டுவடம். என் தொழில் தெரிந்து, "குழாய்க்குள்ள ஓடுற ஒயர்க் கட்டு மாதிரின்னு வச்சுக்குங்க, கோ மியோ. குழாய் நசுங்கியிருக்கு. கைக்குப் போற ஒயர் நடுவுல, காலுக்குப் போறது ஓரத்துல. நடுவுல அடி. அதனால கால் திரும்ப வரும்" என்றார்.

"கை?"

"பார்க்கலாம்."

"கருகினா பிரிச்சுட்டுப் புதுசு கட்டலாமா ஸயாமா?"

"இதை யாரும் புதுசா கட்ட முடியாது" என்றார்.

"விழுந்ததுல எவ்வளவு, திருப்புனதுல எவ்வளவு?" என்று கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியாது, ஆனால் விரல் அசைந்துகொண்டிருந்த மனிதனை அப்படியே கிடக்க விட்டிருந்தால் நல்லது என்றார். இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் வெந்தேன் தெரியுமா? முழுப் பழியும் ஊ தான் மாவ் மேல்தான் என்று சொல்லியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

காதுக்கு மேலே இரண்டு பக்கமும் மயிரைச் சிரைத்து, மரக்க ஊசி போட்டு, மண்டை எலும்பில் இரண்டு ஆணியை முறுக்கினார்கள். ஆணிகளை ஒரு இடுக்கி கவ்வியிருக்கும். அதில் கயிறு கட்டிக் கட்டில் தலைப்புறத்துக் கப்பி வழியாக இரும்பு எடைக்கல் தொங்கவிட்டார்கள். கழுத்தை மெல்ல இழுத்து, வழுக்கிய எலும்பை அதன் இடத்தில் உட்கார வைக்கும் வைத்தியம். ஊ தான் மாவும் இழுத்தார், இவர்களும் இழுக்கிறார்கள். இவர்கள் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து இழுத்தார்கள். அப்படியே ஆறு வாரம்.

மல்லாந்து ஆறு வாரம் கிடந்து பார்த்தால் தெரியும். கஞ்சியைக் குழாயில் உறிஞ்ச வேண்டும். மூக்கு அரித்தால் ஆள் கூப்பிட வேண்டும். முதுகில் புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கொரு தடவை புரட்ட வேண்டும். அதற்கு நாலு பேர்: தலைக்கு ஒருவர், தோளுக்கு, இடுப்புக்கு, காலுக்கு. தலையைப் பிடிக்கிறவர் "தித், நித், தோங்" என்று ஒன்று இரண்டு மூன்று எண்ணுவார். தோங் என்றதும் மரக்கட்டையை உருட்டுவதுபோல் உடம்பு முழுவதும் சேர்ந்தாற்போல் திரும்ப வேண்டும். ஆள் பற்றாத வார்டு. சரோஜாவும் ரபியும் கற்றுக்கொண்டார்கள். ரபி தினமும் கடையை அடைத்துவிட்டு வருவான், தலையைப் பிடிப்பான். "ஆம்பளையா இரு" என்று அவன் கத்தியதைப் பற்றி நானும் பேச்செடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. ஒரு நாள் சின்னக் கண்ணாடி ஒன்றைக் கட்டில் கம்பியில் கட்டித் தொங்கவிட்டான். அதில் ஜன்னலும் பக்கத்துக் கட்டில்களும் தெரிந்தன. அவன் மேல் கோபப்படக்கூட விடமாட்டேன் என்கிறானே என்று அதற்கும் ஒரு கோபம் வந்தது.

மூன்றாம் வாரம் கால் விரல்கள் அசைந்தன. எல்லோரும் கும்பிட்டார்கள். எனக்குக் காலா வேண்டும்? காலால் காயில் கட்டுவேனா?

சரோஜா கடையிலிருந்து இரண்டு செம்புக் கம்பித் துண்டுகள் கொண்டுவந்தாள், கனமான ஒன்று, மெல்லிசு ஒன்று. தினமும் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, கைக்கொன்றாக விரலிடுக்கில் வைத்து, "எது மெல்லிசு?" என்று கேட்பாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கை எரிகிறது என்பது மட்டும். மிளகாய் அரைத்த கை மாதிரி ராப்பகலாக எரியும். அதற்குள் கம்பி எங்கே தெரிகிறது? நாலைந்து நாள் "தெரியல" என்றேன். அவள் முகம் வாடுவதைக் காணச் சகிக்காமல் ஒரு நாள், "வலது கையில மெல்லிசு, சரியா?" என்றேன்.

கண்ணைத் திறந்து கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கையிலும் ஒன்றுமே இல்லை. கம்பிகள் அவள் மடியில் கிடந்தன.

"என்னைச் சமாதானப்படுத்தாதீங்க" என்றாள். "எனக்கு நெசந்தான் வேணும். நெசம் தெரிஞ்சாத்தானே நான் என்ன செய்யிறதுன்னு யோசிக்க முடியும்?"

அந்த வாரம்தான் ஊ தான் மாவ் வந்தார். ஒரு பை ஆரஞ்சு, இன்னொரு கையில் அதே எண்ணெய்ப் பாட்டில். என் கையைப் பார்த்து, "உருவிவிட்டா ரத்தம் ஓடும்" என்று மூடியைத் திறந்தார்.

"தொட்டீங்கன்னா கொன்னுடுவேன்!" என்று கத்தினேன். பர்மியத்தில் கத்தினேனா தமிழில் கத்தினேனா தெரியாது. வார்டே திரும்பியது. ஆணி இழுத்துக் கண் இருட்டியது. நான் விடவில்லை. "அந்தக் கை அழுகிப் போகணும்! உங்களை யார் என் கழுத்தைத் திருப்பச் சொன்னது?"

அவர் பாட்டிலைக் கீழே வைத்தார். "நீங்கதானே சொன்னீங்க" என்றார். "எங்கேன்னு கேட்டேன். அச்சோன்னீங்க. ரெண்டாவது தரமும் கேட்டேன். அச்சோ, அச்சோன்னீங்க. அதான் எடுத்துவிட்டேன்."

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. பர்மியத்தில் நரம்புக்கு அச்சோ என்றுதான் பேர். தசைநாருக்கும் அதே பேர். சுளுக்குப் பிடித்தால் பர்மாக்காரர்கள் அச்சோ பிடித்துக்கொண்டது என்பார்கள். பிடித்ததை இழுத்துவிடுவதுதான் அவர் தொழில். நான் வலியில் தாய்மொழியில் அலறினேன். அவர் தன் மொழியில் கேட்டார். பிறந்ததிலிருந்து இரண்டு மொழியும் என் வாயில் இருக்கின்றன. இந்த இரண்டு அச்சோவும் ஒன்றுபோல் ஒலிக்கும் என்பது அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது.

"அச்சோ!" என்றாள் சரோஜா வாயைப் பொத்திக்கொண்டு. உடனே நாக்கைக் கடித்தாள். ஊ தான் மாவ் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் பர்மியத்தில் விளக்கினாள்: எங்களுக்கு அது வலிக்கிற சத்தம், ஒரு இடத்தின் பேர் அல்ல. கிழவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். ஆரஞ்சை வைத்துவிட்டுப் பாட்டிலை மறந்துவிட்டுப் போனார். எனக்கு இரக்கம் வரவில்லை. பொய் சொல்ல மாட்டேன், வரவே இல்லை. திட்டுவதற்கு இருந்த ஒரே ஆளும் கையை விட்டுப் போய்விட்டாரே என்ற ஆத்திரம்தான் வந்தது.

கிடந்தபடி யோசித்தேன். அவர் ஒரு வார்த்தையைத் தப்பாகக் கேட்டார், சரி. கழுத்தில் கை போட்டவன் எதைத் தப்பாகக் கேட்டான்? விழுந்தவன் மேல் விழுந்தவன்? வைக்கோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரிக்காத போட்டிக் கமிட்டி? சரோஜாவை நோட்டு எடுக்கச் சொன்னேன். தரையில் வைக்கோலும் மணலும் போட வேண்டும். தோளுக்கு மேல் பிடிக்கிறவன் அவுட், விழுந்துவிட்டவன் மேல் விழுகிறவனும் அவுட். அடிபட்டுக் கிடப்பவனை ஒருத்தரும் இழுக்கக் கூடாது, தலையை மட்டும் அசையாமல் பிடித்துக்கொண்டு, விரல் அசைகிறதா என்று கேட்க வேண்டும், பலகையில்தான் தூக்க வேண்டும். சரோஜா பர்மியத்தில் படித்துக் காட்டினாள்; விரலைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றிருந்ததை மட்டும் ஸயாமா 'கேட்க வேண்டும்' என்று திருத்தினார்.

ரபி அதைக் கமிட்டித் தலைவரிடம் கொண்டுபோனான். வந்த பதில்: "சடுகுடுன்னா அடிபடத்தான் செய்யும். பயந்தவன் வீட்டுல உக்காந்து பல்லாங்குழி ஆடட்டும்."

கழுத்தில் பட்டையோடு வீட்டுக்கு வந்தேன். நடந்தேன். மழைக்காலம் போனது. கையில் பிடி கொஞ்சம் வந்தது, உணர்ச்சி வரவில்லை. டம்ளரைப் பிடிப்பேன், சூடா ஆறிப்போனதா என்று தெரியாது. கம்பியை விரலிடுக்கில் வைத்தால் காற்றைப் பிடித்த மாதிரி இருந்தது.

மார்கழியில் கமிட்டிக் கூட்டம். கூப்பிடாமலே சரோஜாவையும் ரபியையும் கூட்டிக்கொண்டு போனேன். தலைவர் என்னைக் கண்டதும், "வாப்பா முருகேசா, உக்காரு, டீ சாப்புடு" என்றார். நான் உட்காரவில்லை. சட்டையின் ஐந்து பொத்தானையும் சரோஜாவைக் கழற்றச் சொன்னேன்.

"இப்ப நான் இதைப் போடுறேன். போட்டு முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் பேசக் கூடாது. முடிச்சதும் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்குறேன்" என்றேன்.

போட ஆரம்பித்தேன். விரலுக்குப் பொத்தான் தெரியாது, அதனால் குனிந்து பார்க்க வேண்டும். விறைத்துப்போன கழுத்து குனிய விடாது. முதல் பொத்தான் ஓட்டைக்குள் போவதற்குள் எல்லோருடைய டீயும் ஆறிப்போனது. இரண்டாவது நழுவி நழுவிப் போனது. வேர்வை கண்ணில் இறங்கியது. சரோஜா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உதவ வந்த ஒருவனை ரபி கையை நீட்டித் தடுத்தான். மூன்றாவது பொத்தானில் தலைவர் எழுந்துவிட்டார்.

"போதும்பா. போதும்."

"இன்னும் ரெண்டு இருக்குங்க" என்றேன்.

"எழுதிக் குடுத்த பேப்பர் எங்க? யாராச்சும் எடுங்கப்பா" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். நான் ஐந்தையும் போட்டு முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

பொங்கலுக்கு அதே மாவ்பி, அதே வயல். கணுக்கால் மூடும் அளவுக்கு வைக்கோலும் மணலும் போட்டிருந்தார்கள். "மெத்தையில ஆடுற சடுகுடு" என்று சிலர் கேலி பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும். நான் கோட்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ப்புறம் பலகை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊ தான் மாவ். எண்ணெய்ப் பாட்டில் இல்லை. அவரை யார் வரச் சொன்னது என்று ரபியை முறைத்தேன். "நாந்தான்" என்றான். "தலையைப் புடிக்க அவரு கை மாதிரி ஆடாத கை இங்க யாருக்குடா இருக்கு?"

இரண்டாவது ஆட்டத்தில் ஒருவன் விழுந்தான். மாவ்பித் தமிழ்ப் பையன், இருபது வயசு இருக்கும். தலைகுப்புறப் போனான். புரண்டு கிடந்து, "அச்சோ, அச்சோ" என்று முனகினான்.

நான் எழுந்துவிட்டேன். நாலு பேர் அவன் கையையும் காலையும் பிடிக்க ஓடினார்கள். ஊ தான் மாவ் அவர்களுக்கு முன்னால் போய் விழுந்தார். "மகைங்னே!" என்று கத்தினார். தொடாதே என்று அர்த்தம். அப்புறம் எங்களுக்காகத் தமிழிலும், "தொடாதே! இது வலி அச்சோ! வலி அச்சோ!" என்றார். மண்டியிட்டு, அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். இழுக்கவில்லை, திருப்பவில்லை. ரபி குனிந்து விரலை அசைக்கச் சொன்னான். பத்தும் அசைந்தன. பலகை வந்தது. "தித், நித், தோங்."

அவனுக்கு ஒன்றும் இல்லை. தசைப்பிடிப்பு என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாளில் கடப்பாரை பிடித்து வயலில் நின்றான். நன்றி சொல்ல என் கடைக்கு வந்தவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அழுத்தமான பிடி என்று பார்த்துக்கொண்டிருந்த சரோஜா சொன்னாள்.

இப்போது பள்ளிக்கூடம் முடிந்ததும் கடையில் அவள் கம்பி சுற்றுகிறாள், நான் சுற்று எண்ணுகிறேன். வாடிக்கைக்காரர்கள், "இன்னுமா கோவம் போகலை, முருகேசா?" என்று கேட்கிறார்கள். போகவில்லை. வைக்கோல் வயலிலேயே கிடந்தது. பலகை தலைவர் வீட்டுக் கொட்டகையிலேயே கிடந்தது. தலையைச் சும்மா பிடித்துக்கொள்ளக் கை எல்லோருக்கும் இருந்தது. நான் விழுந்த வருஷமும் இருந்தது.